செல் என்றால் எந்தச் செல்?

பேட்டரி தயாரிக்கும் ஆலை ஒன்றின் பணிக்குறிப்பைத் தமிழாக்கும் நண்பர் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டார்: "இரண்டாம் செல்லில் கழிக்கப்பட்ட செல்களின் எண்ணிக்கையை அந்த வரிசையின் கடைசிச் செல்லில் பதிவு செய்யவும்." மூன்று செல்லும் ஒன்றா என்பது அவர் கேள்வி. கூடவே இன்னொன்றும் கேட்டார்: உயிரியல் பாடத்தில் வந்த செல், சிறைக்கூடத்துச் செல், கையில் இருக்கும் செல்போன், இவையெல்லாம் ஒரே சொல்தானா, ஒலி மட்டும் ஒத்துப்போன வெவ்வேறு சொற்களா?

முதலில் அந்த வாக்கியத்தை முடித்துவிடலாம். முதல் செல், ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளை ஆரம்பம் முதல் கடைசி வரை செய்து முடிப்பதற்காக இயந்திரங்களையும் ஆட்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கும் உற்பத்திப் பிரிவு. இரண்டாவது, பேட்டரிக்குள் போகும் மின்கலம். மூன்றாவது, கணினி அட்டவணையில் உள்ள கட்டம். "இரண்டாம் உற்பத்திப் பிரிவில் கழிக்கப்பட்ட மின்கலங்களின் எண்ணிக்கையை அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் பதிவு செய்யவும்" என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. மூன்றையும் செல் என்றே விட்டால் ஆலையில் வேலை செய்பவரே தடுமாறுவார்.

அடுத்த கேள்விக்குப் பதில் நீளமானது. எல்லாம் ஒரே சொல்தான். ஆனால் அகராதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அடுக்கியிருப்பதைப் போல, எல்லாத் துறைகளும் ஒரே மூலத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு துறையில் ஏற்பட்ட பொருளைப் பக்கத்துத் துறை வாங்கியது, அதனிடமிருந்து மற்றொன்று வாங்கியது. எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால்தான், ஏன் இதற்கு இந்தப் பெயர் என்பது விளங்கும். பல இடங்களில் இன்றைய பொருளை மட்டும் பார்த்தால் பெயருக்குக் காரணமே தெரியாது.

மூலம் லத்தீன் மொழியின் செல்லா. சிறிய அறை, பண்டக அறை என்று பொருள். ரோமானியர்கள் மது ஜாடிகளை அடுக்கிய அறையும் செல்லாதான். கோயிலில் தெய்வச் சிலை நின்ற உள்ளறையும் செல்லாதான். ஆங்கிலத்தில் நிலத்தடிக் கிடங்கைக் குறிக்கும் செல்லார் இதே வேரிலிருந்து வந்தது. கிறிஸ்தவ மடங்களில் துறவி தனித்துத் தங்கிய சிற்றறைக்கு இந்தப் பெயர் நிலைத்தது. சிறை அறைக்கு இந்தப் பெயர் வந்ததில் மடத்துக்கும் பங்குண்டு. 1829ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலையில் ஒவ்வொரு கைதியும் தனியறையில் அடைக்கப்பட்டார். தனிமையில் இருந்தால் மனம் வருந்தித் திருந்துவார் என்பது அதை உருவாக்கியவர்களின் நம்பிக்கை. துறவி தானே தேடிக்கொண்ட தனிமையைக் கைதியின் மேல் சுமத்தினார்கள். அது எத்தனை பேரைத் திருத்தியது, எத்தனை பேரின் மனநிலையைக் குலைத்தது என்பது வேறு விவாதம்.

அறை என்ற பொருள் இன்னொரு பக்கமாகவும் பிரிந்தது: தேனடையின் அறைகள். இந்தக் கிளையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறிவியலுக்குள் இந்தச் சொல் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சவரக்கத்தி போன்ற கூரிய கத்தியால் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். சிறு சிறு காலி அறைகள் தெரிந்தன. துறவிகளின் அறையை நினைத்து அவர் பெயர் வைத்தார் என்ற கதை பாடநூல்கள் வரை பரவியிருக்கிறது. அவர் தம் நூலில் ஒப்பிட்டிருப்பது தேனடையோடு. அதோடு நிற்கவில்லை, எண்ணவும் செய்தார். ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் 60 அறைகள் என்றால் அங்குலத்துக்கு 1,080. சதுர அங்குலத்துக்கு 11,66,400. கன அங்குலத்துக்கு 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். கண்ணால் பார்க்காவிட்டால் நம்பவே முடியாத எண்ணிக்கை என்று அவரே வியந்திருக்கிறார்.

ஹூக் பார்த்தது இறந்துபோன தக்கை. உள்ளே எதுவும் இல்லை, சுவர் மட்டுமே மிச்சம். எனவே அவருக்கு அறை என்ற பெயர் அப்பட்டமான வர்ணனை. 1838, 1839இல் ஷ்லைடனும் ஷ்வானும் தாவரம், விலங்கு இரண்டுமே இந்த அலகுகளால் ஆனவை என்று நிறுவியபோது நிலைமை மாறத் தொடங்கியது. விலங்கு உயிரணுவுக்குத் தாவரத்துக்கு இருப்பதுபோன்ற கெட்டியான சுவர் கிடையாது. 1861இல் மாக்ஸ் ஷூல்ட்ஸே, உட்கரு கொண்ட ஒரு துளி உயிர்க்கூழே உயிரணு என்று வரையறுத்தார். சுவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இருநூறு ஆண்டுகளுக்குள் அறையைக் குறித்த சொல், அறையில் குடியிருப்பதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இன்று உயிரியல் மாணவர் "செல் சுவர்" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹூக்குக்கு அந்தச் சுவர்தான் எல்லாமே. நம் உடலில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பான்மை இரத்தச் சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை என்பதால் ஷூல்ட்ஸேயின் வரையறைக்குள்ளும் அது அடங்காது. பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மருத்துவத்தில் ஒரு பொறி இருக்கிறது. செல்லுலைட்டிஸ் என்ற நோயின் பெயரைப் பார்த்துவிட்டு, உயிரணுக்களில் வரும் அழற்சி என்று மொழிபெயர்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அது தோலின் ஆழ்ந்த அடுக்கிலும் அதற்குக் கீழுள்ள திசுவிலும் பாக்டீரியா தொற்றி வீங்கிச் சிவப்பது. அந்த இணைப்புத் திசு சின்னச் சின்ன இடைவெளிகள் கொண்டது என்பதால் பழைய உடற்கூற்றியலாளர்கள் அதை "செல்லுலார்" திசு என்றார்கள். இன்றைய உயிரணுக் கொள்கைக்கு முந்தைய, "இடைவெளி உள்ளது" என்ற பழம்பொருள் நோயின் பெயரில் உறைந்து கிடக்கிறது.

மின்னியலுக்கு வருவோம். 1800இல் வோல்டா அமைத்த முதல் மின்னடுக்கில் அறை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. துத்தநாகத் தகடு, செம்பு அல்லது வெள்ளித் தகடு, நடுவே உப்புநீரில் நனைத்த துணியோ அட்டையோ, இப்படியே மேலே மேலே அடுக்கினார். அடுக்கு உயர்ந்தால் எடை அழுத்தி உப்புநீர் வழிந்துவிடும். சில ஆண்டுகளுக்குள் வில்லியம் குருக்ஷாங்க் இதைப் படுக்கவைத்தார். நீண்ட மரத்தொட்டி, அதன் பக்கங்களில் வெட்டிய பள்ளங்கள், பள்ளங்களில் செருகி ஒட்டப்பட்ட இரட்டைத் தகடுகள், தகடுகளுக்கு இடையே திரவம். இப்போது தொட்டி பல அறைகளாகப் பிரிந்திருந்தது. அந்த வடிவத்தைப் பார்த்த எவரும் அதை அறை என்றுதான் சொல்வார்கள். காரில் இருக்கும் ஈய அமில பேட்டரி இன்றும் ஏறக்குறைய அந்தத் தொட்டிதான். ஒரே பெட்டிக்குள் ஐந்து தடுப்புகள், ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. அதில் ஓர் அறை கெட்டாலும் மொத்த பேட்டரியும் படுத்துவிடும். "ஒரு செல் போய்விட்டது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

பேட்டரி என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துவைப்பது நல்லது. 1740களின் இறுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னேற்றம் சேமிக்கும் ஈயத் தகடு ஒட்டிய கண்ணாடிப் பலகைகளை வரிசையாக இணைத்து, பீரங்கி வரிசைக்கான ராணுவச் சொல்லை அதற்கு வைத்தார். அதாவது பேட்டரி என்றால் கூட்டம், செல் என்றால் அதில் ஓர் உறுப்பு. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் குச்சி கணக்காகப் பார்த்தால் ஒற்றைச் செல். அதை பேட்டரி என்பது பேச்சு வழக்கு. செவ்வகமாக இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆறு சிறு செல்கள் இருக்கும். அதை பேட்டரி என்பது மிகச் சரி. தினப்பேச்சில் இந்த வேறுபாட்டைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. மின்கல ஆலையின் ஆவணத்தில் விட்டுவிடவும் கூடாது.

சூரிய ஒளியில் மின்சாரம் தரும் சிலிக்கான் தகட்டை ஏன் செல் என்கிறார்கள்? அதில் திரவமும் இல்லை, தொட்டியும் இல்லை, அறையும் இல்லை. வந்த வழியைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். 1839இல் எட்மண்ட் பெக்கரல் ஒளி பட்டு மின்னோட்டம் எழுவதை முதன்முதலில் கண்டது, திரவத்தில் தகடுகளை அமிழ்த்திய மின்வேதிக் கலத்தில். பின்னர் செலினியத்திலும், 1954இல் பெல் ஆய்வகத்தில் சிலிக்கானிலும் அதே வேலை நடந்தபோது திரவம் போய்விட்டது, பெயர் போகவில்லை. பெல் ஆய்வகத்தின் அந்தச் செல் ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. ஒரு சிலிக்கான் செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் என்பதால் 60, 72 என்று கோத்துப் பலகையாக்குகிறார்கள். ஆகவே இதைச் சூரிய மின்கலம் என்பது சரி, சூரிய அறை என்றால் சிரிப்புதான் வரும்.

எரிபொருள் செல்லும் இதே மின்வேதிக் குடும்பம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது மின்சாரம் கிடைக்கும். அப்போலோ விண்கலங்கள் இதை நம்பித்தான் பறந்தன. 1970இல் அப்போலோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, ஆக்சிஜன் இல்லாமல் எரிபொருள் செல்கள் நின்று மின்சாரம் போனதுதான் பெரிய சிக்கலாயிற்று. ஆனால் கார்ப் பந்தயம் பற்றிய கட்டுரையில் இதே இரண்டு சொற்கள் வந்தால் ஹைட்ரஜனை நினைத்துவிடக் கூடாது. பந்தயக் காரில் எரிபொருள் செல் என்பது, மோதினாலும் கிழியாதபடி நெகிழ்ந்து கொடுக்கும் பை வைத்த பெட்ரோல் டேங்க். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே தொடர், வாகனம் என்ற ஒரே துறை, இரண்டு பொருள். இப்படிப்பட்ட இடத்தில் அகராதி கைகொடுக்காது. எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து செல்போன். பலருக்கு இந்தச் சொல்லின் முதல் பொருளே இன்று இதுதான், ஆனால் பலருக்கும் தெரியாத பொருளும் இதுதான். செல் என்பது கையில் இருக்கும் கருவி அல்ல. கருவி நின்றுகொண்டிருக்கும் நிலப்பரப்பு.

1947இல் பெல் ஆய்வகப் பொறியாளர்கள் ஒரு குறிப்பில் இந்த எண்ணத்தை எழுதிவைத்தார்கள். அதுவரை ஒரு நகரம் முழுவதற்கும் உயரமான ஒரே கோபுரம், சக்தி மிகுந்த ஒரே ஒலிபரப்பி. கையிருப்பில் உள்ள அலைவரிசைகள் எத்தனையோ, ஒரே நேரத்தில் அத்தனை பேர்தான் பேச முடியும். நகரத்தைச் சிறு பரப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சக்தி குறைந்த ஒலிபரப்பி வைத்தால், ஓரிடத்தில் பயன்படுத்திய அதே அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள பரப்பில் மறுபடியும் பயன்படுத்தலாம். பக்கத்துப் பரப்பில் மட்டும் பயன்படுத்தக் கூடாது, குறுக்கிடும்.

வரைபடத்தில் அந்தப் பரப்புகளை அறுகோணமாக வரைந்தார்கள். காரணம் எளிய கணக்கு. அலை வட்டமாகப் பரவுகிறது. வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளி விழும், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் வீணாகும். இடைவெளியில்லாமல் தளத்தை நிரப்பக்கூடிய ஒழுங்கு வடிவங்கள் மூன்றே: முக்கோணம், சதுரம், அறுகோணம். வட்டத்துக்குள் பொருத்தினால் முக்கோணம் அதன் பரப்பில் சுமார் 41 சதவீதத்தை நிரப்பும், சதுரம் 64, அறுகோணம் 83. வட்டத்தை மிக நெருங்குவது அறுகோணம்தான், அதனால் குறைந்த எண்ணிக்கையிலான நிலையங்கள் போதும். உண்மையில் எந்தச் செல்லும் அறுகோணமாக இருப்பதில்லை. கட்டடமும் குன்றும் அலையைக் கடித்துக் குதறி, எல்லை கோணல்மாணலாகத்தான் இருக்கும். சில தொழில்நுட்பங்களில் பேசுவோர் கூடக்கூடச் செல்லே சுருங்கும், குறைந்தால் விரியும். பொறியாளர்கள் இதைச் செல் மூச்சுவிடுகிறது என்பார்கள். பேசிக்கொண்டே பயணம் போகும்போது ஒரு பரப்பு நம்மை அடுத்த பரப்பிடம் கைமாற்றிக்கொண்டே போகிறது. ஒரே கோபுரம் மூன்று திசைகளில் ஆண்டெனா வைத்து மூன்று செல்களை நடத்துவதும் சகஜம். எனவே கோபுரமும் செல்லும் ஒன்றல்ல. காவல்துறை விசாரணைச் செய்திகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

இதுவரை சொன்னவற்றில் அறை என்பதன் எந்தக் கூறு தொடர்ந்து வருகிறது என்று கேட்டால், சிறியது என்பதைவிட, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்பதைத்தான் சொல்வேன். செல் தனியாக இருப்பதில்லை. அதுபோன்ற இன்னொன்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். புதிய துறையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் நான் தேடுவது அந்தத் தடுப்பை. அட்டவணையில் அது வெறும் கோடு. ரகசிய இயக்கங்களில் அது அறியாமை: ஒரு சிறு குழுவில் இருப்பவருக்குத் தம் குழுவினரைத் தவிர வேறு யாரையும் தெரியாது, பிடிபட்டாலும் காட்டிக்கொடுக்க முடியாது.

படிகவியலில் தடுப்பு முழுக்கக் கற்பனை. படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் சிறு அலகை அங்கே யூனிட் செல், அதாவது அலகுக்கூடு என்பார்கள். உப்புப் படிகத்தின் அலகுக்கூடு பக்கத்துக்கு 0.564 நானோமீட்டர் உள்ள கனசதுரம். அதன் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் குளோரைடு அயனிகள் இருப்பதாக எடுத்துக்கொண்டால், மூலையில் இருப்பதை எட்டுக் கூடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, முகத்தில் இருப்பதை இரண்டு. மூலைகளின் எட்டு அரைக்கால்கள் சேர்ந்து ஒன்று, முகங்களின் ஆறு பாதிகள் சேர்ந்து மூன்று, மொத்தம் நான்கு குளோரைடு, சோடியமும் நான்கு. சுவர் அயனியின் நடுவே வெட்டிக்கொண்டு போகிறது என்றால், அப்படியொரு சுவர் அங்கே இல்லை, நாம் வரைந்ததுதான் என்று பொருள்.

வானிலையில் நேர் எதிர்: யாரும் கோடு போடவில்லை, காற்றே போட்டுக்கொள்கிறது. நிலநடுக்கோட்டருகே சூடேறி எழும் காற்று உயரத்தில் துருவப் பக்கமாக நகர்ந்து, சுமார் 30 பாகை அட்சத்தில் இறங்கி, தரையோடு திரும்பி வருகிறது. 1735இல் இதை விளக்க முயன்ற ஜார்ஜ் ஹாட்லியின் பெயரால் இது ஹாட்லி செல். உலகின் பெரிய பாலைவனங்களில் பல அந்த இறங்குமுகக் காற்றின் கீழே கிடக்கின்றன. 1900இல் ஆன்ரி பெனார் திமிங்கல மெழுகை மெல்லிய படலமாக உருக்கி அடியிலிருந்து சூடாக்கினார். மேற்பரப்பு தானாகவே அறுகோணங்களாகப் பிரிந்தது. ராடாரில் பார்த்து "இடிமழைச் செல்" என்று சொல்வதும் இந்த வகைதான்: மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் சேர்ந்த ஒரு தனி அலகு. சாதாரணமானது ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும்.

கணினிக்குள் இரண்டு செல்கள் உண்டு. எக்செல் தாளில் 10,48,576 வரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் இருக்கின்றன. பெருக்கினால் 1,717 கோடியே 98 லட்சத்து 69 ஆயிரத்து 184 கட்டங்கள். கணினியின் முதன்மை நினைவகமான டிராம் சில்லில் செல் என்றால் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1ஐத் தாங்கும் மின்சுற்று, அதாவது ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும். அந்த மின்தேக்கி ஒழுகும் என்பதால் வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை எல்லாச் செல்லையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். 16 ஜிகாபிட் சில்லில் எத்தனை செல் என்று கணக்கிட்டால், உபரிகளை விட்டுவிட்டால், எக்செல்லின் அதே எண்ணிக்கை இலக்கம் பிசகாமல் வரும்; இரண்டுமே 2இன் 34ஆம் அடுக்கு. மெமரி கார்டில் இருப்பது வேறு வகை நினைவகம். அதை வாங்கும்போது காணும் டிஎல்சி, க்யூஎல்சி என்ற எழுத்துகளில் கடைசி எழுத்தும் செல்தான். செல்லுக்கு மூன்று பிட், நான்கு பிட். நான்கு பிட் என்றால் ஒரே செல்லில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்; விலை குறைவதும் ஆயுள் குறைவதும் அதனால்தான்.

எடைத் தராசுக்குள் இருந்து எடையை மின்குறிப்பாக மாற்றும் லோட் செல்லில் என் தடுப்புத் தேடல் தோற்றுப்போகிறது. அங்கே செல் என்பது "தனக்குள் முழுமையான ஒரு சிறு கருவி" என்று தேய்ந்துவிட்ட பொருள். ஒளியியல் ஆய்வகத்தில் மாதிரித் திரவம் ஊற்றும் கண்ணாடிப் பாத்திரத்தையும் செல் என்பார்கள். அது வெறும் கலம்.

கேட்காமலே ஒன்றைச் சேர்க்கிறேன். கையால் வரைந்த அனிமேஷன் படங்களில், ஒளி ஊடுருவும் தாளில் தீட்டிய ஓவியத்தை செல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஓர் எழுத்து குறைவு, ஆகவே வேறு சொல் என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். அது செல்லுலாய்டின் சுருக்கம். செல்லுலாய்டு, தாவரச் சுவரின் பொருளான செல்லுலோஸிலிருந்து செய்யப்பட்டது. செல்லுலோஸை 1838இல் பிரித்தெடுத்தவர் அன்செல்ம் பாயேன். அந்தப் பெயரோ தாவர உயிரணுவிலிருந்து வந்தது. ஆக, ஹூக் தக்கையில் பார்த்த அந்தச் சுவர்தான் சுற்றிவளைத்துக் கார்ட்டூன் ஓவியரின் மேசைக்கு வந்திருக்கிறது. செல்லோ இசைக்கருவிக்கு மட்டும் இந்தக் குடும்பத்தில் இடமில்லை. அது வயலோன்செல்லோ என்ற இத்தாலியச் சொல்லின் வால். "சிறிய" என்று பொருள் தரும் விகுதி மட்டும் தனியே கழன்று பெயராகிவிட்டது.